விரிப்பில் இருந்த நரம்புகள்

லாண்டரிக்காரியின் இடது கையை விட்டுப் போன நரம்புகள் அறுபத்தொரு மணி நேரம் வெளியில் இருந்தன. செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குக் கை கழுவும்போது பார்த்தாள். முழங்கையிலிருந்து விரல்வரை தோல் எழுதாத காகிதம்போல இருந்தது. வெள்ளிக்கிழமை காலை நான்காவது கீமோ. வலது மார்பில் அறுவை சிகிச்சை செய்து அக்குளையும் திறந்திருந்ததால் அந்தப் பக்கத்துக் கையில் ஊசி போடக் கூடாது. மிச்சமிருந்தது இந்த ஒரு கைதான். நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் வைத்து அதன் வழியாக மருந்து ஏற்றலாம் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார். கையே போதும், ஒரு தொந்தரவும் இல்லை என்று அவள் மறுத்திருந்தாள்.

மருந்து அதற்குள் மற்றவற்றை எடுத்துக்கொண்டிருந்தது. முதலில் முடி போயிற்று. அடுத்து ருசி; எதைத் தின்றாலும் சாவியைச் சப்புவது போலிருந்தது. நகங்கள் கறுத்தன. இவையெல்லாம் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் அச்சாகியிருந்தன. நரம்பு வெளியேறும் என்று அதில் இல்லை.

புதன்கிழமை ஒரு வாடிக்கையாளர் படுக்கை விரிப்பைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஓய்வெடுக்கச் சொல்லியும் கேட்காமல், ஒன்றே ஒன்று என்று முந்தின நாள் அவள் தேய்த்த விரிப்பு அது. வெள்ளைத் துணியில் நீலக் கோடுகள் கிளை பிரிந்து ஓடின. கடையைப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் சோப்புப் போட்டாள், பிறகு ப்ளீச் ஊற்றினாள். கறை போகவில்லை. வியாழக்கிழமை அதைத் தடவிப் பார்த்தபோது வெதுவெதுப்பாக இருந்தது, லேசாகத் துடித்தது. மடித்து வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

"அண்ணி, இது உங்களோடதா பாருங்க."

"என்னோடது மாதிரிதான் இருக்கு."

"ஐயோ, நேத்து ப்ளீச் ஊத்திட்டேனே!"

"அதான் மத்தியானம் சுரீர்னுச்சா?"

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"கடையில ஆள் இருக்கும்னு விட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமை விரிப்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நழுவும் நரம்பு, ஒளியும் நரம்பு, கயிறாக இறுகிப்போன நரம்பு எல்லாவற்றையும் பார்த்திருந்த நர்ஸ், துணியில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றாள். அதற்கு மேல் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வெந்நீர்ப் பையால் விரிப்பைச் சூடாக்கிக் கையில் சுற்றி, இரண்டு தம்ளர் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். ஒன்பது மணிக்குப் பிரித்தபோது விரிப்பு வெள்ளையாகவும் கை நீலமாகவும் இருந்தன. முதல் குத்திலேயே ஊசி இறங்கிற்று.

சிவப்பு மருந்தைத் திறப்பதற்கு முன் நர்ஸ் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். இது நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்து போகும், கையே முடங்கலாம், சின்ன எரிச்சல் என்றாலும் உடனே சொல்ல வேண்டும். லாண்டரிக்காரி தலையாட்டினாள். மருந்து குழாயில் இறங்கியது.

"எரியுதா?"

"எங்க அண்ணியா?" நாத்தனார் முந்திக்கொண்டாள். "கல்யாணமாகி வந்த வருஷம் மணிக்கட்டுல இஸ்திரிப்பெட்டி விழுந்துச்சு. சாயங்காலம் தட்டு கழுவுறப்பதான் எங்களுக்கே தெரியும். அவங்க கல்லு, சிஸ்டர்."

பதினாறு வருடமாக அந்த வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லப்பட்ட கதை அது. ஒவ்வொரு முறையும் லாண்டரிக்காரி சிரிப்பாள். இப்போதும் சிரித்தாள். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள்.

மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு சின்ன நரம்பு கழன்று, சுண்டுவிரல் வழியாகக் கட்டில் விரிப்பில் இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. லாண்டரிக்காரி அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர்," என்றாள். நர்ஸ் திரும்பவில்லை. உரக்க மறுபடி கூப்பிட்டாள். "எரியுது."

நர்ஸ் ஒரே எட்டில் வந்து மருந்தை நிறுத்தினாள்.

"எப்பலருந்து?"

"முதல் கீமோலருந்தே."