பனி உடைக்கிறவர்கள்

ஹில்லபோர் சீமாட்டியின் தாத்தா அந்தக் கோட்டையைத் தரையில் கட்டவில்லை. ஒரு ஓக் காட்டையே வெட்டி, ஏரிக்குள் கம்பங்களாக இறக்கி, அதன்மேல் கட்டினார். எதிரி ஒரு பாதியைப் பிடித்தாலும் மறுபாதியில் நின்று சுடலாம் என்று நடுவே ஆள் படுக்கும் அகலத்துக்குச் சுவர், சுவருக்குள்ளேயே கிணறு. எல்லாம் யோசித்த மனுஷன், குளிர்காலத்தை மட்டும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

கோட்டைக்கு அகழியாகச் சுற்றி நிற்கும் அந்த ஏரித் தண்ணீர் உறைந்தால் எதிரி நடந்தே வந்துவிடுவான். அதனால் விடிந்ததும் ஊர் ஆண்கள் கோடாரியோடு வந்து பனியை உடைக்க வேண்டும். கூலி கிடையாது. "சண்டை வந்தா உங்க எல்லாரையும் உள்ள சேத்துக்குவேன்" என்று சீமாட்டி கொடுத்த வாக்குதான் கூலி. என் புருஷன் லாவ்ரிட்ஸ் அதை நம்பினான். நான் உள்ளே அவள் துணியைத் துவைப்பவள்; எனக்கு அவளைத் தெரியும்.

அந்த வருஷம் கடலே உறைந்துபோய், சுவீடன் படை அதன்மேல் குதிரையோடு வந்தது. ஊர் மொத்தமும் அகழிக்கரைக்கு ஓடி வந்தது. நான் உள்ளே இருந்தேன்; கோட்டையின் தூக்குப்பாலம் மேலே ஏற்றிக் கிடந்தது.

வாயில்காவலன் யெப்பேயின் சட்டையைப் பிடித்தேன். "பாலத்த இறக்குடா! என் வீட்டுக்காரர் நிக்கிறாரு!"

"நான் என்ன பண்ணட்டும் பொடில்? சாவி அந்தம்மா இடுப்புல இருக்கு."

ஓடிப்போய்ச் சீமாட்டியின் காலில் விழுந்தேன்.

"இருக்கற மாவு நமக்கே பத்தாது," என்றாள். "எழுந்திரு."

ஜன்னலுக்கு ஓடினேன். அக்கரையில் லாவ்ரிட்ஸ். நடுவில், காலையில் அவனே உடைத்துவிட்ட கறுப்புத் தண்ணீர். கால் வைக்க ஒரு துண்டுப் பனிகூட மிச்சம் வைக்கவில்லை, பாவி.

"பொடில்! அந்தம்மாகிட்ட சொல்லு, வேலை சுத்தமா முடிஞ்சிருக்குன்னு!"

அந்த நேரத்திலும் அவனுக்கு நக்கல். பிறகு குதிரைகள் வந்தன. நான் கண்ணை மூடவில்லை. கரையில் ஒருத்தரும் மிஞ்சவில்லை. சுவீடன்காரர்கள் அவசரப்படாமல் தீ மூட்டி உட்கார்ந்தார்கள்.

விடிந்தபோது அகழி கரைக்குக் கரை வெள்ளையாக இறுகிக் கிடந்தது. உள்ளே ஆண் என்று இருந்தது யெப்பேயும் சமையல்காரனும்தான். பனிமேல் சுவீடன்காரர்கள் சாவகாசமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏன்டி, இன்னைக்கு ஏன் ஒருத்தனும் பனி உடைக்க வரல?" என்று சீமாட்டி அலறினாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கடவுளே. அக்கரையில் கிடந்தவர்களைக் காட்டினேன்.

"நேத்தே வந்துட்டாங்கம்மா. நீங்கதான் பாலத்த இறக்கல."