கையில் வாங்கிய நன்மை

பூசையில் நன்மை, அதாவது ஏசுவின் உடலாக நம்பி வாங்கும் அப்பம், கொடுக்கும் நேரம் வந்தால் சவரிமுத்து கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். முன்பெல்லாம் எல்லோரோடும் வரிசையில் போய் நாக்கில் அப்பத்தை வாங்கிக்கொண்டு வருகிறவர்தான். கொரோனாவுக்குப் பிறகு மந்தாரக்குப்பம் மாதா கோயிலில் கையில்தான் தருகிறார்கள். அதோடு அவர் போவது நின்றது.

"மிலிட்டரியில என்னா பாவம் பண்ணிட்டு வந்தாரோ" என்று பாடற்குழு மரியபுஷ்பம் பேசியது சவரிமுத்துவின் மகள் செவ்வந்தியின் காதுக்கும் வந்தது. செவ்வந்தி அந்த வீட்டின் முதல் பட்டதாரி. நினைத்ததை மென்று விழுங்கத் தெரியாதவள்.

பாவமும் இல்லை, ஒன்றும் இல்லை. விரல்கள்தான். சவரிமுத்துவின் வலக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே மிச்சம். பனிமலைக் காவல் முடிந்து இறங்கும்போது கூட வந்த லோகேந்தரின் கையுறையைக் காற்று பிடுங்கிக்கொண்டது. அவனுக்குக் காய்ச்சல் வேறு. இவர் தன்னுடையதைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டார். கீழே வந்து சேர ஐந்து மணி நேரம். அவன் விரல்கள் தப்பின. இவருக்குப் பனியில் விறைத்து மூன்று போயின. இப்போது குவார்ட்டர்ஸ் கேட்டில் கான்ட்ராக்ட் செக்யூரிட்டியாக நிற்கும்போதும் சரி, கோயிலிலும் சரி, அந்தக் கை பாக்கெட்டில்தான்.

லோகேந்தர் வருடம் தவறாமல் ஆகஸ்டு பதினைந்தன்று போன் செய்வான். இந்தியில் ஒரே வசனம்: "அண்ணே, இன்னிக்கும் உன் கையாலதான் சாப்பிட்டேன்."

இந்த வருடம் அந்தப் பதினைந்தாம் தேதிக்கு, மாதா விண்ணேற்புத் திருநாள் பூசை முடிந்ததும் சவரிமுத்துதான் கொடியேற்ற வேண்டும் என்று பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து கேட்டார். "எங்க நன்றியக் காட்ட ஒரு வாய்ப்பு குடுங்க."

"நன்றி கெடக்கட்டும் சாமி" என்றாள் செவ்வந்தி. "வருசத்துல ஒரு நாளு சல்யூட்டு, மீதி நாளெல்லாம் பாவின்னு பேச்சு. கையக் காட்ட வெக்கப்பட்டுகினு எங்கப்பா நன்மை வாங்காம குந்திகினு கீறாரு. அது யாருக்காவது தெரியுமா?"

சாமியார் திகைத்துப்போனார். "நாக்குலயே தரேங்க, அதுக்கென்ன?"

"எனக்குன்னு தனிச் சட்டம் வேணாங்க சாமி" என்றார் சவரிமுத்து.

சாமியார் போனதும் மகளிடம் திரும்பினார். "மானத்த வாங்கிட்டியேடி! ஆண்டவர வெச்சிக்கிற கையா இது?"

"யப்பா, உயிர்த்து வந்த பொறவு ஏசு கையில ஆணி அடிச்ச ஓட்டை மூடிக்கிச்சா?"

"இல்ல."

"நம்பாத தோமையாரு முன்னாடி கையப் பாக்கெட்டுல வுட்டுகினா நின்னாரு? இந்தா, தொட்டுப் பாருன்னு நீட்டல? அதுவும் அடுத்தவனுக்காக அடிபட்ட கை. உன்னுதும் அப்டிதான்."

"அவரு ஆண்டவருடி. அவரு அங்கியில பாக்கெட்டு ஏது?" என்று சொன்னவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஆனால் நன்மை வாங்குவதாக அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

திருநாள் பூசையில் செவ்வந்தி வரிசையில் நின்றாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பழைய பூட்ஸ் சத்தம் கேட்டது. நகர்ந்து அப்பாவை முன்னால் விட்டாள். மரியபுஷ்பத்தின் பாட்டு ஒரு சொல்லில் தடுக்கிக்கொண்டு நின்றது.

இடக்கையை மேலே வைத்திருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். சவரிமுத்து வலக்கையைத்தான் மேலே வைத்தார்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

"ஆமென்!" பரேடு மைதானத்துக் குரல். சாமியாரே ஒரு முறை திடுக்கிட்டுக் கண் கொட்டினார். உள்ளங்கைக் குழியில் அப்பம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. சவரிமுத்து குனிந்து வாயாலேயே எடுத்துக்கொண்டார்.

வாசலில் கொடிக் கயிறும் அவருக்குப் பணிந்தது. இரண்டே இழுப்பில் முடிச்சு அவிழ்ந்து பூ கொட்டியது. மரியபுஷ்பம் கேசரியோடு வந்து நின்றாள். "மன்னிச்சிக்கிங்கண்ணே."

செவ்வந்தி வாயைத் திறப்பதற்குள் சவரிமுத்து முந்திக்கொண்டார். "எதுக்கும்மா? கேசரியில முந்திரி இல்லாததுக்கா?"

அப்போது போன் அடித்தது. லோகேந்தர் அதே வசனத்தைச் சொன்னான். கேசரி ஒட்டியிருந்த தன் வலக்கையைப் பார்த்தபடியே சவரிமுத்து இந்தியில் பதில் சொன்னார். வருடா வருடம் கேட்டுக் கேட்டு அந்த அளவு இந்தி செவ்வந்திக்கும் புரியும்.

"இன்னிக்கு நானும் என் கையாலதான்டா."