ஆடியைத் தாண்டிய மெஷின்

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிர் மாடியில் இருந்த திரவியத்தின் வீடியோ ஸ்டுடியோவுக்குள் மின்னல் டெலிபோன் கம்பி வழியாகத்தான் வந்தது. வந்த மின்னல் முதலில் மேசைமேல் ஆறிக் கிடந்த டீயைச் சூடாக்கிவிட்டு, அப்புறம்தான் கம்ப்யூட்டரை எரித்ததாம். டீ சுட்டதற்கு அவர் நாக்கே சாட்சி.

தப்பியவை மங்கலத்தின் கல்யாண டேப்புகள். கல்யாணத்துக்கு முந்தின நாள் குளத்துப் படியில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்ட அவள் அப்பா தாணு பிள்ளை, ஒரே மகளின் தாலிகட்டைப் பார்க்கவில்லை. கரமனை வீட்டில் கட்டிலோடு கிடந்தார். "மக பக்கத்துல இருந்து பாக்கணும்டே. தனியாப் பாத்தா அது கல்யாணமில்ல, சினிமா" என்று திரவியத்திடம் சொல்லியிருந்தார். அந்த மகள் இன்று மஸ்கட்டுக்குப் போகிறாள். நாலு மணிக்குக் கார்.

புது மெஷினில் லினக்ஸ் ஏற்றிக்கொடுக்க ஷிஜா வந்திருந்தாள். கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவள். மென்பொருளைக் கள்ள சிடியில் ஏற்றுகிறவர்களின் மாடிப்படி ஏறமாட்டாள். லினக்ஸ் காலையிலேயே ஏறிவிட்டது. எடிட்டிங் மென்பொருள்தான் பாக்கி. அது தைத்த சட்டையாக வராது, துணியாக வரும். மெஷினே தைத்துக்கொள்ள வேண்டும்.

"போன ஆழ்ச்சதான் வந்த பதிப்பு, அண்ணாச்சி. வாரம் ஒண்ணுதான் ஆகுது, சூடு ஆறல" என்று தட்டினாள்.

திரையில் வரிகள் ஓடின. நின்றன. கீழே கோயிலில் ஒரு தேங்காய் சிதறியது. மறுபடி தட்டினாள். மறுபடி நின்றது. இன்னொரு தேங்காய்.

"எந்தா இது! புதுசா உண்டாக்கின ஃபைல், வந்த ஃபைலைவிடப் பழசா இருக்காம். கடிகாரத்தைப் பாருன்னு சொல்லுது." அவள் திரையின் மூலையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். இரண்டிலும் பதினொன்றே கால். "நேரம் சரியாத்தானே இருக்கு. லினக்ஸே கேடா ஏறியிருக்கும். எல்லாம் அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடணும்."

"எப்ப முடியும்?"

"சந்தி ஆகும். விளக்கு வைக்கிற நேரம்."

திரவியத்துக்குக் காரணம் தெரியும். மெஷின் வந்தது ஆடியில். அவர் குடும்பத்தில் ஆடியில் புதுத் தீப்பெட்டிகூட உடைக்கமாட்டார்கள். ஆகவே மெஷினின் உள் நாள்காட்டிக்குள் புகுந்து, மணியைத் தொடாமல், தேதியை மட்டும் சித்திரை விஷுவுக்கு இழுத்து வைத்திருந்தார். அன்றுமுதல் ஜன்னலில் ஆடியின் கர்க்கடக மழை கொட்டினாலும் அந்த மேசைமேல் சாரல் விழவில்லை. மெஷினின் பின்புறம் முகர்ந்தால் பலாப்பழ வாசனை வரும். இப்போது சித்திரையில் உட்கார்ந்திருக்கும் மெஷினிடம் போன வாரம் பிறந்த மென்பொருளைக் கொடுத்தால், பாவம், அது என்ன செய்யும்?

சொல்லிவிடலாம். சொன்னால் ஷிஜா தேதியை ஆடிக்குக் கொண்டுவருவாள். ஆடியில் தொடங்கிய மெஷின் விளங்குமா? அதில் பிறக்கும் முதல் படம் மங்கலத்தின் கல்யாணம் அல்லவா!

டெலிபோன் அடித்தது. மங்கலம். "மாமா, அப்பா காலையிலேயே சவரம் பண்ணி, கண்ணாடி மாட்டி, வெறும் டிவியைப் பாத்துட்டு இருக்காவ. வந்துருவேள்ல?"

"வந்துட்டே இருக்கேன் மக்ளே" என்றார், நாற்காலியைவிட்டு எழாமல்.

ஷிஜா அழிப்பதற்கான சிடியை எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

"நில்லு. ஒரு சாயா குடிச்சிட்டு வா. தலை தெளியும்."

"அண்ணாச்சி, நேரமில்ல—"

"போ பிள்ளே!"

அவள் படியிறங்கியதும் மெஷினை அணைத்து எழுப்பி, தேதியைத் திருகினார். சித்திரை போயிற்று, வைகாசி, ஆனி போயின. ஆடி வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டார். விரலை எடுக்காமல் ஆடியைத் தாண்டி, ஆவணி ஒன்றாம் தேதியில் போய் நின்றார். நல்ல நாள். பலாப்பழ வாசனை போய், யாரோ ஓணத்து அத்தப்பூக் கோலம் போட்டதுபோல் தும்பை மணந்தது.

ஷிஜா திரும்பி வந்து, "கடைசியா ஒரு தடவ" என்று தட்டினாள். வரிகள் ஓடின, நிற்கவில்லை. "எந்து செய்தீங்க?"

"தூசி தட்டுனேன்."

மெஷின் தைத்து முடிக்கவே பகல் ஒரு மணி. தாலிகட்டு, கைபிடித்தல், மறுவீடு என்று கால் மணிநேரப் படமாக வெட்டி, சிடியில் இறக்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் ஸ்கூட்டரை விரட்டினார். கிள்ளிப்பாலத்தில் சிக்னல் சிவந்தது. அவர் முகத்தைப் பார்த்து அதுவே பச்சையானது.

கரமனை வாசலில் கார் ஏற்கெனவே நின்றது. பெட்டிகள் ஏறியிருந்தன. மங்கலம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் ஓடியது. தாலி ஏறியபோது தாணு பிள்ளை படுத்தபடியே அட்சதை போடுவதுபோல் விரல்களை உதறினார்.

கடைசி அட்டையில் முடித்த தேதியை மெஷினே பதித்திருந்தது. கிழவர் கண்ணாடியைச் சரிசெய்து படித்து, அதைத் தமிழ் மாதத்துக்கு விரல்விட்டு எண்ணினார்.

"டே திரவியம், ஆவணி ஒண்ணுல்லா போட்டிருக்கு?"

திரவியம் ஈரச் சட்டையை உதறினார். "ஆமா அண்ணாச்சி."

"இன்னும் ஆடியே முடியலியே. அப்ப இந்தப் படம் இன்னும் எடுத்தே முடியல. இவ போறதுக்கும் நாள் கெடக்கு."

மங்கலம் சிரிக்கப் பார்த்து, முடியாமல் அவர் தோளில் முகத்தைப் புதைத்தாள். வாசலில் ஹாரன் அடித்தது.

"இன்னொருக்காப் போடுடே" என்றார் தாணு பிள்ளை.

யாரும் எழுந்திருக்கவில்லை. திரவியம் சிடியை மறுபடி உள்ளே தள்ளினார். அந்த வீட்டில் அப்போது மங்கலம் போகிற நாள் வந்துவிட்டிருந்தது கார் டிரைவருக்கு மட்டும்தான்.