பாயைச் சுருட்டாதே

என் அக்கா புருஷன் பல் டாக்டர். ஊரார் வாயைத் திறந்து பார்த்தே பழகியவர், தன் வாயை மூடப் பழகவில்லை. போன வருடம் ஒற்றைப் பாய்மரமும் நாய்க்கூண்டு அளவுக்கு ஒரு அறையும் உள்ள சின்னப் படகு ஒன்றை வாங்கினார். அன்றைக்கே கேப்டன் தொப்பியும் வாங்கினார். படகு ஓட்டத் தெரிந்தவள் அக்கா. தொப்பி மட்டும் அவருக்கு.

அக்காவுக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. கரையோரமாகப் பதினைந்து மைலாவது அவளே சுக்கான் பிடித்துப் படகை ஓட்டினாள் என்று படகின் சொந்தக்காரர் எழுதிக் கொடுத்தால், படகு கிளப்பில் கற்றுக்கொடுக்கிற வேலை அவளுக்கு. பத்து மாதமாகக் கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் கரையை விட்டதும் சுக்கான் அத்தான் கைக்குப் போய்விடும். "நீ டீ போடும்மா" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை "சத்தியமா நீதான் ஓட்டறே" என்றார். சாட்சிக்கு என்னையும் அக்கா இழுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்தில் நாற்பது வால்களை மேய்க்கிறவள் நான், ஒரு அத்தானைச் சமாளிக்க மாட்டேனா என்று கிளம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

துறைமுகத்தில் புயல்காற்று எச்சரிக்கைக் கொடி படபடத்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு வேணாங்க" என்றாள் அக்கா.

"போனா இன்னிக்கு. இல்லேன்னா கையெழுத்துப் பேச்சையே எடுக்காதே."

அவர் அவசரம் எனக்குத் தெரியும். இருபது மைல் தள்ளி அடுத்த துறைமுகத்தில், பதினொரு மணிக்கு ஒரு பத்திரிகைக்காரர் கேமராவோடு காத்திருந்தார். புதுப் பாய் முழுக்க அத்தானின் ஆஸ்பத்திரி விளம்பரம். மேலே ஈ என்று இளிக்கும் பல்வரிசை, அடியில் போன் நம்பர்.

துறைமுகத்தைத் தாண்டியதுமே சத்தியம் காற்றில் போயிற்று. சுக்கான் அவர் கையில். ஒரு மைல் போவதற்குள் காற்று பேயாட்டம் ஆட, படகு ஒருபக்கமாகச் சாய்ந்து தண்ணீரை அள்ளியது.

"பாயோட அடியைச் சுருட்டிக் கட்டுங்க! இவ்வளவு பெரிய பாய் தாங்காது, கவுந்துடும்!" என்று அக்கா கத்தினாள்.

"சுருட்டினா நம்பர் மறைஞ்சிடும்டி!"

"நாமளே போய்ச் சேர்ந்தப்புறம் யாருக்கு அத்தான் போன் பண்ணுவாங்க?" என்று நானும் கத்தினேன்.

பதில் சொல்ல வாய் திறந்தார். அலை உள்ளே புகுந்தது. தொப்பி கடலோடு போயிற்று. பின்னாலேயே அவருடைய காலைச் சாப்பாடும் போயிற்று. சுக்கானை விட்டுவிட்டு, வாளியைக் கட்டிக்கொண்டு தவழ்ந்து அறைக்குள் போனவர்தான்.

அக்கா சுக்கானைத் தாவிப் பிடித்தாள். "அந்தக் கயித்தை மெல்ல விடு. இதை இழுத்துக் கட்டு. அழுவாதே, அப்புறமா அழுதுக்கலாம்." நான் அழுதுகொண்டே கட்டினேன். நம்பர் மறைந்தது, கீழ்ப்பல்லும் மறைந்தது, படகு நிமிர்ந்தது. நாலு மணி நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாயை இழுக்கும் கயிறு அவள் உள்ளங்கையை உரித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அலையை மட்டும் பார்த்தாள். இவளையா டீ போடச் சொன்னார் இந்த மனுஷன்!

படகைக் கரையில் கட்டியதும் அறைக்கதவு திறந்தது. தலையை வாரிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்தார் அத்தான். "நாலு மணி நேரம் கண்ணு இமைக்காம ஓட்டினேன் தம்பி" என்று பத்திரிகைக்காரரிடம் ஆரம்பித்தார். அக்கா நனைந்த பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

துறைமுக அதிகாரி வந்தார். "யாரு ஓட்டிட்டு வந்தது?"

"நான்தான்!"

"எச்சரிக்கையை மீறினதுக்கு ஒரு வருஷம் உரிமம் ரத்து."

"ஐயய்யோ, நான் இல்ல சார்! இவதான்! முதல் மைலுக்கு அப்புறம் நான் சுக்கானைத் தொடவே இல்ல, சத்தியமா!"

"எழுதிக் கொடுங்க."

எழுதினார். டாக்டர் ஒருவர் அவ்வளவு புரியும்படி எழுதி நான் பார்த்ததே இல்லை. அடியில் முழுக் கையெழுத்து, தேதி, எல்லாம்.

அதிகாரி படித்துவிட்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் காத்துல பத்தொம்பது மைலா? பெரிய ஆளும்மா நீங்க." பிறகு அத்தானிடம் திரும்பினார். "படகு யார் பேர்ல இருக்கு?"

"என்... என் பேர்லதான்."

"அப்ப உரிமம் உங்களுக்குத்தான் ரத்து. கொடி ஏத்தின பிறகு படகை வெளியே விட்டது சொந்தக்காரர் தப்பு. ஓட்டிக் கரை சேர்த்தவங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

"சார், இந்தக் காகிதத்துல ஒரு நகல் எனக்கு வேணும், கிளப்புக்கு" என்றாள் அக்கா.

அத்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏம்மா, அதை வாங்காதே. பத்திரிகைக்காரன் பாக்கறான், மானம் போகுது" என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தார்.

அக்கா நகலை வாங்கினாள். ரத்தம் கசிந்த கையால் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துத் திரும்பினாள்.

"தம்பி, படம் எடுக்கணும்னா இதை எடுங்க. எங்க வீட்டுக்காரர் கையெழுத்து."