சோனியாவின் ஏழு மணி அழுகை

வீணாவின் எட்டு மாதக் குழந்தை சோனியாவுக்கு இரண்டு மருந்து பாட்டில்கள். தாயிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க, பிறந்ததும் கொடுத்தது இனிப்பு மருந்து. அதையும் மீறிக் கிருமி வந்தது. வந்த கையோடு அந்த மருந்தைச் சமாளிக்கவும் கற்றுக்கொண்டது. இனி அது பயன்படாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் யூனிஸ் கசப்பு மருந்துக்கு மாற்றினார். அதைப் பற்றிய தன் கருத்தைச் சோனியா காலையும் மாலையும் தெருவுக்கே அறிவித்துவிடுவாள்.

இனிப்பு பாட்டிலைத் தூக்கி எறிய முடியவில்லை. ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் குடியிருக்கும் சந்தின் குப்பையை வாங்குபவர் எல்லம்மா. யார் வீட்டில் மீன், யாருக்குச் சர்க்கரை என்பதெல்லாம் குப்பையைப் பிரிக்கும்போதே தெரிந்துகொள்வார். அவருக்குப் பயந்து வீணா இரண்டு பாட்டில்களின் லேபிளையும் சுரண்டிவிட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

பத்து நாளாக அவள் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறாள். பொம்மசந்திரா ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் கணவன் உமேஷுக்குக் காலை மருந்து பொறுப்பு. அன்று அவள் லீவு போட்டு, ஏழு மணிக்குக் குழாயடிக்குப் போய்த் திரும்பி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது அவன் பையில் வைத்தது குட்டை பாட்டில். இனிப்பு.

"இதையா இத்தினி நாளா குடுத்த?"

"ரெண்டும் மொட்டையா இருக்குது. முன்னாடி இருக்கறத எடுப்பேன். நான் என்னத்த கண்டேன்?"

"குடுத்தா அழுதாளா?"

"அவ எதுக்குத்தான் அழல?"

பத்துக் காலையும் தவறியிருந்தால் கிருமி கசப்பு மருந்துக்கும் பழகிவிடும். வீணா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். குப்பை வண்டி வந்து நின்றது.

"இன்னாம்மா, ஏழு மணிக்கு அந்தக் கத்து கத்திட்டு அதுக்குள்ள தூங்கிட்டாளா?" என்றார் எல்லம்மா.

"தெனமும் கத்துறாளாக்கா?"

"கசப்பு மருந்துன்னா கத்தமாட்டாளா? போன புதன்கிழம மட்டும் சத்தமே இல்ல."

உமேஷ் கூரையைப் பார்த்தான். அன்று தூங்கிவிட்டதால் மருந்தே கொடுக்கவில்லை என்று மெல்ல ஒப்புக்கொண்டான். அவள் கத்திய மற்ற நாளெல்லாம் உள்ளே போனது கசப்புதான்.

வீணாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "கசப்பு மருந்துன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"சுரண்டின லேபிள எங்க போட்ட? என் கூடையிலதான? எங்க அக்கா பொண்ணுக்கும் இதே மருந்துதான். நான் யார்கிட்ட சொன்னேன்?" எல்லம்மா கையை நீட்டினார். "அந்தப் பழைய பாட்டில குடு. மருந்து பாட்டில தனியா குடுக்கணும்னு எத்தினி வாட்டி சொல்றது."

ஒரு வேளை தப்பியதற்கு யூனிஸ் உமேஷை அரை மணி நேரம் திட்டி, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து சரியாக ஏழு மணிக்குக் குப்பை வண்டி அவர்கள் வாசலில் நிற்கிறது. சோனியா அழும்வரை நகர்வதில்லை.