பதினோரு முதுகுப் படங்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்று மத்தியானம் என் பழைய சிநேகிதன் பஸ் கண்டக்டர் மேல் வந்த கோபத்தில் முழு நியாயம் இருந்தது. நூலகத்திலிருந்து வந்த ஒப்புதல் படிவத்தை என் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு, "நான் கையெழுத்துப் போட மாட்டேன்க்கா" என்றான்.

"ஏண்டா? எல்லாரும் போட்டாச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி."

"ஒரு படத்துலகூட சார் இல்ல. சார் இல்லாத படம் சுவத்துல தொங்க வேண்டாம்."

சார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார். கண்டக்டரோடு இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்து, போன வருஷம் போய்ச் சேர்ந்தவர். வீட்டுக்குள்ளேயும் இவன் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவான். "சார், குழம்புல உப்பு சரியா இருக்கா சார்?" என்று இவன் கேட்பதைக் கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

படங்களின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என் கடை மாடியில் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஆணைக் காதலித்த ஆண்கள், பெண்ணைக் காதலித்த பெண்கள், பெண்ணாகவே வாழத் துணிந்த திருநங்கை ஒருத்தி. வாசலில் 'தையல் வகுப்பு' என்று போர்டு. பதினோரு வருஷம் நடந்த அந்த வகுப்பில் ஒரு ஜென்மத்துக்கும் பட்டன் தைக்கத் தெரியாது. எங்கள் தபால் பெட்டிக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் வேலை. 'நான் மட்டும்தான் இப்படியா?' என்று எங்கிருந்தோ ஒரு பிள்ளை கேட்டிருக்கும். 'இல்லை, நாங்களும் இருக்கிறோம்' என்று சார் முத்து முத்தான கையெழுத்தில் எழுதுவார்.

வெளியே தெரிந்தால் வேலை போகும், வீடு போகும். சட்டம் அப்போது எங்களுக்கு எதிராக இருந்தது. ஆனாலும் ஆண்டு விழாவுக்கு ஒரு படமாவது வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பன்னிரண்டு சீட்டில் ஒன்றில் மட்டும் புள்ளி இருக்கும். ஆளுக்கொன்று எடுத்து, பார்த்துவிட்டு, வாயில் போட்டு மென்றுவிட வேண்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வோம். புள்ளி வந்தவர் மட்டும் ஜன்னல் வழியே விழும் தெருவிளக்கு மங்கலில் நழுவிப்போய், கதவோரம் மேஜை மேல் இருக்கும் கேமராவில் ஃப்ளாஷ் போட்டு எடுக்க வேண்டும். யார் எடுத்தது என்று கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. போலீஸ் பிடித்துப்போய் உதைத்தாலும் தெரியாததை எப்படிச் சொல்ல முடியும்?

ஃபிலிமைக் கழுவியது எங்கள் வீட்டு நர்ஸ். என் கூட வாழ்கிறவள், என் கோபத்துக்கெல்லாம் மருந்து வைத்திருப்பவள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே கழுவும் இருட்டறையில் ரகசியமாகக் கழுவி, உறையில் போட்டு ஒட்டி, தன் லாக்கரில் வைத்துவிடுவாள். யாரும் திறந்து பார்த்ததில்லை. இப்போது சட்டம் மாறி, நூலகத்தில் எங்கள் வரலாற்றுக்கென்று ஒரு சுவரே கொடுத்த பிறகுதான் பதினோரு உறையையும் பிரித்து, ஃபிலிமை பிரிண்ட் போட்டோம். பதினொன்றும் முதுகு. வரலாறு எங்களைப் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறது!

ஆளுக்கொரு சட்டை, ரவிக்கை தைத்துக் கொடுத்தவள் நான். எந்தத் தோள் யாருடையது என்று எனக்கா தெரியாது? வெட்டும் மேஜையில் படங்களை வரிசையாகப் பரப்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். சார் இல்லை. எதிலும் இல்லை.

"அவருக்குப் பயம்க்கா" என்றான் கண்டக்டர். "ஒவ்வொரு வருஷமும் விளக்குப் போட்டதும் திரும்பிப் பார்ப்பேன், கதவுகிட்ட நிப்பாரு. எல்லாரும் இருட்டுல நிக்கிறப்ப, அவரு மட்டும் வெளிய போயிட்டு வந்திருக்காரு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் இரு" என்றாள். "மத்த பதினோரு பேரும் எல்லாப் படத்துலயும் இருக்கோம். அப்ப யாருப்பா எடுத்தது? பேயா?"

எனக்குச் சுரீர் என்றது. "சீட்டு எழுதுறது யாரு?"

"சார்தான். கையெழுத்து அழகா இருக்கும்னு..." கண்டக்டர் பாதியில் நிறுத்திவிட்டான்.

அடப்பாவி மனுஷா! பதினோரு வருஷமும் புள்ளிச் சீட்டை உள்ளங்கையில் ஒளித்துவைத்துக்கொண்டு, எங்களுக்கு வெற்றுச் சீட்டைத் தின்னக் கொடுத்திருக்கிறார். பரீட்சையில் காப்பியடித்தால் பெஞ்சு மேல் ஏற்றுகிற மனுஷன் செய்கிற வேலையா இது? நான் சிரித்தேன். நர்ஸும் சிரித்தாள். கண்டக்டர் சிரிக்கவில்லை.

"அதைத்தானேக்கா நானும் சொல்றேன். படத்துல விழக் கூடாதுன்னே ஏமாத்தியிருக்காரு. முகத்தையா காட்டச் சொன்னோம்? முதுகைத்தானே? என் பக்கத்துல நிக்கிற முதுகுகூட அவருக்கு அவமானமா இருந்திருக்கு." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவரு போனதைக்கூடத் தாங்கிட்டேன். இதைத் தாங்க முடியலக்கா."

சமாதானம் சொல்லத் தெரியாத இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். அந்தக் கோபத்தைப் படங்கள் மேல் காட்டினேன்.

"எடுத்ததுதான் எடுத்தாரு, ஒழுங்கா எடுத்தாரா? பாரு, ஏழு படத்துல நான் அரை ஆளுதான். ஒரு காது, ஒரு தோள்பட்டை. இந்தப் பக்கம் இவ்வளவு வெறும் சுவர் கிடக்கு, கேமராவைக் கொஞ்சம் திருப்பினா என்ன குறைஞ்சு போயிருக்கும்? இதுல நர்ஸுக்குப் பாதி முதுகையே காணோம். பாடம் நடத்தத் தெரிஞ்ச மனுஷனுக்குப் படம் எடுக்கத் தெரியல!"

"நீ முழுசா இருக்கிற படமும் இருக்குடி" என்றாள் நர்ஸ்.

இருந்தது. நான்கு படம். நான்கிலும் நான் கண்டக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

என் வாய் மூடிக்கொண்டது. அது மூடுவது அபூர்வம் என்பதால் இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்து, முதல் படத்தின் இடது ஓரத்திலிருந்து கண்டக்டரின் பிடரி வரை அளந்தேன். இரண்டரை இஞ்ச். பிடரியிலிருந்து வலது ஓரம் வரை இரண்டரை. அடுத்த படத்தில் அவன் கடைசி வரிசையில் நின்றிருந்தான். அதிலும் இரண்டரை, இரண்டரை. ஏழாம் வருஷம் அவன் ஜன்னலோரம் போய் ஒண்டியிருந்தான். கேமரா மற்றவர்களை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு அங்கேயும் போயிருந்தது. பாதிப் படம் வெறும் ஜன்னல், நடுவில் அவன் பிடரி.

"டேய், இங்க வா" என்றேன். "நீயே அளந்து பாரு."

டேப்பை வாங்கினான். மீதிப் படங்களை அவனே அளந்தான். அவசரப்படவில்லை. ஒவ்வொரு அளவையும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே போனான். கடைசிப் படம் வரை வந்ததும் டேப்பைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றான்.

"அவரு வெளிய போகலடா. பதினோரு வருஷமா அந்தக் கதவோரம் நின்னு உன்னையேதான் பார்த்துக்கிட்டு இருந்திருக்காரு. நாங்கல்லாம் சும்மா ஓரத்துல விழுந்த துணி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேக்கா..."

"கேக்கக் கூடாது, சொல்லக் கூடாதுன்னு நாமதானே வழக்கம் வச்சோம்? சீட்டுலதான் ஏமாத்தினாரு. வாக்குல நின்னாரு மனுஷன்."

அவன் அழுதான். நர்ஸ் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நானும் அழுதேன், அதில் எனக்கென்ன வெட்கம்? சாரை நினைத்து அவ்வளவு பாசம் பொங்கியது. அரை ஆளாக வெட்டுப்பட்டதற்கு மனசார மன்னித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பேனா குடுக்கா" என்றான். படிவத்தில் கையெழுத்துப் போட்டான். 'படம் எடுத்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. நாங்கள் எல்லோரும் வழக்கப்படி கோடு கிழித்து விட்டுவிட்ட கட்டம். அதில் சாரின் பெயரை, இனிஷியலோடு, வாங்கிய பட்டத்தோடு முழுசாக எழுதினான்.

எழுதிவிட்டும் பேனாவைத் தரவில்லை. படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"என்னடா தேடுற?"

"இதுல உறவுன்னு ஒரு கட்டம் இல்லையேக்கா."

இருபத்தாறு வருஷமும் அக்கம்பக்கத்தில், ஆஸ்பத்திரியில், கடைசி நாளன்று வந்தவர்களிடம்கூட 'எங்க அண்ணன்' என்றே சொல்லி வந்தவன் அவன்.

"இல்லைன்னா என்ன? இப்ப வந்துடும்" என்று அவன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினேன். மேஜையிலிருந்த ஸ்கேலை வைத்து, சாரின் பெயருக்குப் பக்கத்தில் நான்கு பக்கமும் கோடு இழுத்துக் கட்டம் போட்டேன். தாராளமாகவே போட்டேன். நூலகத்துக்காரர்கள் கேட்டால் என்னிடம் வரட்டும், நான் பேசிக்கொள்கிறேன்.

கண்டக்டர் குனிந்து, டிக்கெட் கிழித்துப் பழகிய அந்தக் கையால், ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான்.

"என் புருஷன்."