மூணு நாளும் அதே கோட்டை

வெளிநாட்டில் ஊர் ஊராகப் போய்ப் பழைய அரண்மனையும் கோட்டையும் பார்க்க ஒரு மாசப் பயணம் என்று பிள்ளை சொன்னபோது, அப்பா பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற மனுஷர். சுவர் இடிந்தால் சிமெண்ட் விற்கும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த சரித்திரம். "இடிஞ்ச சுவரைப் பார்க்க இவ்வளவு தூரமா? நம்ம கொல்லைப்புறத்திலயே இருக்கே" என்றார். கடைசியில் தொணதொணப்பு தாங்காமல் கிளம்பினார்.

அந்தப் பயணத்தின் கடைசி ஊரில் பாப்பா இருக்கிறாள் என்பது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரியும்.

பாப்பா என்றால் சின்னக் குழந்தை இல்லை, முப்பதைத் தாண்டிய மகள். கடையைப் பார்த்துக்கொள் என்று அப்பா சொன்னார். சரித்திரம் படிக்க வெளிநாடு போகிறேன் என்று இவள் சொன்னாள். வாய்ச்சண்டை முற்றிப்போய், "போனா திரும்பி இந்த வீட்டுக்கு வராதே" என்று கத்திவிட்டார் மனுஷர். அவரை உரித்து வைத்த மாதிரி பிறந்தவளாச்சே! வரவேயில்லை. அம்மா போனில் எத்தனை அழுதாலும் ஒரே பதில்தான். "வராதேன்னு சொன்ன வாயே வான்னு சொல்லட்டும்மா. மறுநாளே வந்து நிக்கறேன்."

ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? அம்மா கேட்காத நாளில்லை. அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

மணிக்கூண்டு பார்த்தார்கள். ஆற்றுப் பாலம் பார்த்தார்கள். ஏதோ ஒரு ராணி படுத்த கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள், அதையும் பார்த்தார்கள். அம்மா மனசில் ஒன்றும் ஒட்டவில்லை. ஒல்லியாக, வேக நடையாக எவளாவது கடந்து போனால் கழுத்து தானாகத் திரும்பும். பாப்பா இந்த ஊரில் இல்லை என்று தெரியும். தெரிந்தும் திரும்பும். பாழாய்ப்போன கழுத்து சொன்னால் கேட்டால்தானே? அப்பா ஒவ்வொரு தூணையும் விரலால் தட்டிப் பார்த்து, "பூச்சு உதிருது, ரெண்டு மூட்டை வெள்ளை சிமெண்ட் போதும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

கடைசி ஊரின் கோட்டையில், நம் பாஷையிலேயே சுற்றிக் காட்டுகிற கைடை ஏற்பாடு செய்திருந்தான் பிள்ளை. வாசலில் மஞ்சள் கொடியோடு நின்றிருந்தாள் பாப்பா. கண்ணாடி போட்டிருந்தாள், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள், இளைத்திருந்தாள். அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். அதே கைடோடு கோட்டை பார்க்க வந்திருந்த இரண்டு குடும்பங்களும் முழித்தன.

அப்பா திரும்பிப் போய்விடுவாரோ என்று அம்மா அழுகையோடே எட்டிப் பார்த்தாள். போகவில்லை. குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். கட்டினார், கட்டினார், அப்படிக் கட்டினார். ஒரு லேஸுக்கு அவ்வளவு நேரமா!

உள்ளே போனதும் சுவரைத் தட்டிக் கேட்டார். "கைடம்மா, இது என்ன கனம் இருக்கும்?"

"பன்னிரண்டு அடி, சார்."

"நீங்க அளந்து பார்த்தீங்களா?"

"அளந்தவங்க எழுதி வெச்சிருக்காங்க, சார்."

நீங்களாம்! சாராம்! அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோளில் தூக்கி வைத்துக் கடை முழுக்கச் சுற்றிக் காட்டிய பெண்ணுக்கு மரியாதை வேறு. ஹோட்டல் அறைக் கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டாள். "அப்பனும் மகளும் நாடகமா ஆடறீங்க?"

"கோட்டையில பாதிதான் பார்த்திருக்கோம்," என்றார் அவர் சுவரைப் பார்த்தபடி. "நாளைக்கும் போகணும்."

மறுநாளும் போனார்கள். அதே படி, அதே பீரங்கி, அதே கதை. முதல் நாள் கேட்ட நகைச்சுவைக்குப் புதுசாகக் கேட்கிற மாதிரி சிரித்தார் அப்பா. கூட்டத்தில் முதல் ஆளாக, அவள் குரல் நன்றாகக் கேட்கிற இடமாகப் பார்த்து நின்றார். அன்றைக்கும் அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. இந்த மனுஷர் இப்படியே கேட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுவார், பாப்பாவின் அறை இனியும் பூட்டியே கிடக்கும் என்று அம்மா இரவெல்லாம் புரண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ரயில். காலையில் எல்லோருக்கும் முன்னால் குளித்து, சட்டை மாட்டி, கதவருகே நின்றவர் அவர்தான். பெட்டிக்குக் காவலாகப் பிள்ளை ஹோட்டலிலேயே தங்கிவிட்டான்.

கோட்டையைச் சுற்றி முடித்து வாசல் படிக்கு வந்ததும், "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றாள் பாப்பா. மற்றவர்கள் கலைந்துவிட்டார்கள். அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"எங்க ஊருக்கும் ஒரு தடவை வரணும்."

வரணும்! பார்த்தீர்களா கெட்டிக்காரத்தனத்தை? நீ என்றும் இல்லை, நீங்க என்றும் இல்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரிடமும் சொல்கிற வரணும்.

பாப்பாவா ஏமாறுவாள்? கொடியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "யாரு வரணும், சார்?"

சொல்லித் தொலையுங்களேன் என்று அம்மா முந்தானையை முறுக்கினாள். கடையில் பத்து ஆட்களை ஒரு சத்தத்தில் அடக்குகிற மனுஷர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீதாண்டி," என்றார். "நீ வா. வீட்டுக்கு வா, பாப்பா."

பாப்பா கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். அடுத்த கூட்டம் வாசலில் வந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டூட்டி முடியச் சாயங்காலம் ஆயிடும்ப்பா," என்றாள். "உங்களுக்கு ரயில் இருக்கே."

அவர் படியில் உட்கார்ந்தார். பக்கத்துக் கல்லைக் கைக்குட்டையால் தட்டி அம்மாவுக்கும் இடம் காட்டினார்.

"ரயில் போகட்டும்," என்றார். "இத்தனை வருஷம் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரைக்கும் உட்கார மாட்டேனா?"